யாழ்ப்பாணத்து வீடு: வெக்கைக்கும் கூதலுக்கும் செலவு குறைந்த வழி, வரிசைப்படி

எங்கள் வீட்டிலும் உறவுக்காரர் வீடுகள் சிலவற்றிலும் இந்த வேலைகளைக் கையால் செய்து, சிலவற்றைக் கழற்றித் திரும்பவும் செய்து பார்த்தபிறகு எழுதுகிறேன். புதிதாகத் தொடங்குகிற எல்லாரும் தவறுவது ஒரே இடத்தில்தான். வீட்டுக்கு உள்ளே இருந்து தொடங்குகிறார்கள். அறை அவிகிறதென்றால் ஃபான் வாங்குவார்கள், அது போதாவிட்டால் ஏசி. மாரியில் கூதலென்றால் எல்லா யன்னலையும் இறுக்கிப் பூட்டுவார்கள். சூடும் ஈரமும் வெளியிலிருந்து வருகின்றன. வெளியிலேயே மறித்துவிட்டால் உள்ளே செலவழிக்க மிச்சம் கொஞ்சந்தான் இருக்கும்.

ஆகவே வரிசை இதுதான்: கூரை, மேற்குப் பக்கம், முற்றம், காற்று, பிறகுதான் ஃபான். மாரிக்கு: ஒழுக்கு, ஈரம், பிறகுதான் போர்வை. வரிசையை மாற்றினால் ஒரே வேலைக்கு இரண்டு முறை காசு போகும்.

1. மூன்று நாள் வீட்டைப் பாருங்கள்

ஒரு சதமும் செலவழிக்க முதல் மூன்று நாள் அவதானியுங்கள். தேவையானவை ஒரு சாதாரண வெப்பமானி, ஒரு கொப்பி, உங்கள் உள்ளங்கை.

மத்தியானம் இரண்டு மணி, பின்னேரம் ஆறு மணி, இரவு ஒன்பது மணி ஆகிய மூன்று நேரமும் ஒவ்வொரு அறையின் வெப்பநிலையையும் எழுதுங்கள். முற்றத்து மர நிழலில் எவ்வளவென்றும் பக்கத்தில் எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு சுவரையும் தொட்டுப் பாருங்கள். கதிரையில் ஏறிச் சீலிங்கையும் தொடவேண்டும். பெரும்பாலானவர்கள் சுவரோடு நிறுத்திவிடுகிறார்கள்.

இரண்டு மணிக்கே உள்ளே வெளியை விடச் சூடென்றால் காரணம் கூரை. அஸ்பெஸ்டஸ் சீற்றும் தகரமும் வெயில் பட்ட உடனேயே சூட்டைக் கீழே இறக்கிவிடும். பகலில் ஓரளவு தாங்கி, இரவு ஒன்பது மணிக்கு அறை அவிந்தால் அது கொங்கிறீற் பிளாற்றும் (தட்டைக் கூரை) புளொக் கல்லுச் சுவரும் செய்கிற வேலை. பகல் முழுக்க உள்ளே வாங்கிய சூட்டை அவை இரவில்தான் விடும். ஒரு பக்கச் சுவர் மட்டும் ஆறு மணிக்குச் சுடுகிறதென்றால் அது மேற்குச் சுவர்.

சித்தி வீட்டில் மேற்கு அறையின் சுவர்தான் பிரச்சினை என்று எல்லாரும் நம்பியிருந்தோம். அளந்து பார்த்தால் சுவர் சாதுவான சூடு, அதற்கு மாமர நிழல் இருந்தது. மேலே ஏறிப் பார்த்தோம். மாரியில் படிந்த பாசி காய்ந்து பிளாற் முழுக்கக் கறுத்துப்போய்க் கிடந்தது. சுவருக்கென்று ஒதுக்கிய காசு கூரைக்குப் போனது. அளக்காமல் விட்டிருந்தால் அவ்வளவும் வீண்.

2. நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்

கூரை வேலைக்கு ஏற்ற மாதம் மாசி. மழை விட்டிருக்கும், பங்குனி வெயில் இன்னும் தொடங்கியிராது, சுண்ணாம்பு ஆறுதலாகக் காயும்.

சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய நாட்களில் மத்தியானச் சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் மேலே நிற்கும். ஓகஸ்ட் கடைசியில் இன்னொரு முறை அப்படி நிற்கும். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வீதி மணலில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு அந்தச் சூடு தெரியும். இந்த இரண்டு காலத்துக்கும் இடையில் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்து நிற்கிறது. அதனால் வைகாசி, ஆனி, ஆடியில் மத்தியான வெயில் படுவது வடக்குச் சுவரில். தெற்குச் சுவரில் வெயில் நன்றாகப் படுவது மார்கழி, தையில்தான். தெற்குப் பக்கம் பெரிய மறைப்புப் போட்டுவிட்டு வடக்கை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். வெக்கை மாதங்களில் அந்த மறைப்பால் பயனில்லை.

காற்றையும் குறித்துவையுங்கள். வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை சோளகம் தென்மேற்கிலிருந்து வீசும். கார்த்திகை தொடக்கம் வாடை வடகிழக்கிலிருந்து வரும். எந்த யன்னலைத் திறப்பது, எந்தப் பக்கம் தறப்பாள் கட்டுவது என்பதை இந்த இரண்டும்தான் முடிவுசெய்யும்.

3. கூரை

பாதி நேரத்தையும் பாதிக் காசையும் இங்கே போடலாம். நம்முடைய ஊரில் வெயில் உச்சியில் நின்று அடிப்பதால், சுவரை விடக் கூரைதான் கூடுதலாகச் சூட்டை வாங்குகிறது.

கொங்கிறீற் பிளாற் என்றால்: முதல் வேலை கழுவுவது. கம்பித் தூரிகையால் பாசியைத் தேய்த்து எடுத்து, தண்ணீர் ஊற்றி, எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். வெடிப்பு இருந்தால் அதை அடைத்து, காயவிட்டபிறகுதான் வெள்ளை அடிக்கவேண்டும். வெடிப்பின்மேல் அடித்தால் வெடிப்புக் கண்ணுக்குத் தெரியாமல் போகும், ஒழுக்கு மாரியில் தெரியும்.

வெள்ளைக்குச் சுண்ணாம்பு போதும். விலை கூடிய வெள்ளைக் கூரைப் பெயின்ற் நீடித்து நிற்கும், ஆனால் முதல் வருடத்துக் குளிர்மையில் பெரிய வித்தியாசம் இல்லை. நீற்றாத சுண்ணாம்பென்றால் இரும்பு வாளியில் தண்ணீரை முதலில் எடுத்து, சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். சுண்ணாம்பின்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். பிளாஸ்ரிக் வாளி அந்தச் சூட்டில் இளகிவிடும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம், பிள்ளைகள் பக்கத்தில் நிற்கக்கூடாது. ஒரு நாளாவது ஊறவிட்டு, பழைய சீலையில் வடித்து, மோர்ப் பதத்துக்குக் கரையுங்கள்.

ஒட்டுவதற்குப் பத்துப் பங்கு சுண்ணாம்புக்கு ஒரு பங்கு வெள்ளைச் சீமெந்து சேர்க்கலாம். சீமெந்து சேர்த்த கலவையை அன்றைக்கே அடித்து முடிக்கவேண்டும், மறுநாள் இறுகியிருக்கும். பழைய ஆட்கள் உப்புப் போடுவார்கள். கல்லுச் சுவருக்கு அது சரி. கம்பி கட்டிய பிளாற்றில் உப்பு வேண்டாம், அது உள்ளே இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்கவைக்கும்.

பிளாற்றைத் தண்ணீரால் நனைத்துவிட்டு, வெயில் தாழ்ந்தபிறகு மெல்லிதாக அடியுங்கள். மறுநாள் பின்னேரம் இரண்டாவது, அதற்கடுத்த நாள் மூன்றாவது. மெல்லிய மூன்று பூச்சு நிற்கும். தடிப்பான ஒரு பூச்சு ஒரு மாதத்தில் செதில் செதிலாகக் கழரும். மத்தியான வெயிலில் அடித்தாலும் அதே கதிதான், ஈரம் உடனே பறந்து பூச்சுத் தூளாக நிற்கும். மாரி அதைக் கழுவிக்கொண்டு போகும், ஆகவே மாசிக்கு மாசி செய்யவேண்டிய வேலை இது. கூரைத் தண்ணீரைத் தாங்கியில் பிடிக்கிறவர்கள் முதல் இரண்டு மூன்று மழையை வெளியே விடுங்கள்.

சீற் என்றால்: அஸ்பெஸ்டஸ் தூள் நுரையீரலுக்குக் கேடு. காய்ந்த சீற்றைத் தேய்க்கவோ அரியவோ துளைக்கவோ கூடாது. குழாயால் நன்றாக நனைத்து, மெல்லிய தும்புத் தூரிகையால் பாசியைத் தள்ளிவிட்டு, அதன்மேல் வெள்ளை அடியுங்கள். சீற்றில் நேரே கால் வைக்காதீர்கள். பழைய சீற் உடைந்து ஆள் கீழே விழுந்த செய்தி நம் ஊரில் புதிதல்ல. ஆணி வரிசை எங்கே போகிறதென்று பாருங்கள், அதற்குக் கீழேதான் சலாகை இருக்கும். அந்த வரிசைகளில் பாரம் இறங்கும்படி நீளப் பலகை போட்டு, பலகையில் இருந்து வேலை செய்யவேண்டும். ஏணியைப் பிடிக்க ஒரு ஆள் கீழே நிற்கட்டும்.

வெள்ளையை விடவும் நல்லது பின்னிய தென்னோலைக் கிடுகு. சீற்றின்மேல் கீழ் விளிம்பில் தொடங்கி முகட்டை நோக்கி, ஒன்றின்மேல் ஒன்று அரைவாசி ஏறும்படி பரவுங்கள். வெயில் கிடுகில் நின்றுவிடும், சீற் சூடாவதில்லை. தவறு நடப்பது கட்டுவதில். சும்மா பாரம் வைத்துவிட்டால் சோளகம் ஒரே இரவில் அள்ளிக்கொண்டு போகும். பழைய மீன் வலையை மேலே விரித்து, நான்கு பக்கமும் இழுத்துக் கட்டுங்கள். விறகடுப்புப் புகைபோக்கிக்குக் கிட்ட கிடுகே வேண்டாம். ஐப்பசி மழைக்கு முதல் இறக்கிவிடுங்கள், நனைந்து உக்கினால் எலியும் பூச்சியும் குடிவரும். இறக்கிய கிடுகைத் தென்னம்பாத்தியில் போடலாம்.

ஓட்டு வீடு என்றால்: உங்களுக்கு வேலை குறைவு. ஓடுகளுக்கு இடையால் சூடான காற்றுத் தானே வெளியேறும். அதைக் கெடுக்காமல் இருந்தாலே போதும். தூசி விழுகிறதென்று ஓட்டுக்குக் கீழே பொலித்தீனை இழுத்துக் கட்டுகிறவர்கள் அந்தக் காற்றை அடைத்துவிடுகிறார்கள். கட்டிலுக்கு நேர் மேலே கண்ணாடி ஓடு இருந்தால் அதில் மட்டும் வெள்ளை பூசுங்கள்.

4. சீலிங்கும் முகடும்

சீற் வீட்டுக்குச் சீலிங் அடிப்பது நல்லது. ஆனால் சீலிங்குக்கும் சீற்றுக்கும் இடையில் அடைபட்ட காற்று அடுப்பைப்போலச் சூடேறும். முகட்டுக்குக் கீழே இருக்கிற முக்கோணச் சுவரில் இரண்டு பக்கமும் துவாரம் விடவேண்டும். ஒரு பக்கம் மட்டும் விட்டால் காற்று நுழைந்து நின்றுவிடும். துவாரத்துக்கு நுளம்பு வலை அடியுங்கள், இல்லாவிட்டால் வௌவால் வரும்.

வெள்ளித்தாள் போன்ற ஃபொயில் விரிக்க விரும்புகிறவர்களுக்கு இரண்டு சொல். பளபளப்பான பக்கம் கீழே பார்த்தபடி, அதற்குக் கீழே ஒரு இஞ்சியாவது வெறும் இடைவெளி இருக்கவேண்டும். சீலிங்கோடு ஒட்டி வைத்தால் பயனில்லை. மேலே பார்த்தபடி வைத்தால் தூசி படிந்து இரண்டு வருடத்தில் மங்கிவிடும். ஃபொயில் மின்சாரம் கடத்தும், பழைய வயரில் முட்ட விடாதீர்கள். றெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பலகையைச் சீலிங்குக்கு மேல் அடுக்குவதை நான் சொல்லமாட்டேன். எளிதில் தீப்பிடிக்கும், புகை நஞ்சு.

5. மேற்குச் சுவரும் யன்னலும்

பின்னேர வெயில் சரிந்து வருவதால் கூரைத் தாழ்வாரம் அதை மறிக்காது. அதற்குச் செங்குத்தான மறைப்பு வேண்டும், அதுவும் வெளிப்பக்கமாக. உள்ளே தடித்த திரைச்சீலை போட்டால் வெளிச்சம் குறையும். சூடோ கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது, திரைச்சீலையே சூடாகி அறைக்குள் விடும்.

மலிவான மறைப்பு பனையோலைத் தட்டி. யன்னலிலிருந்து ஓரடி தள்ளி, மேலே கட்டித் தொங்கவிடுங்கள். சுவரோடு ஒட்டினால் இடையில் காற்று ஓடாது, அந்த ஓரடிதான் பயன். தட்டி கிடைக்காவிட்டால் நாற்றுமேடைக்குப் போடுகிற பச்சை நிழல்வலையை இரட்டையாக மடித்துக் கட்டலாம்.

நிரந்தரமான வழி பந்தல். கொடித்தோடை பச்சை மாறாமல் நிற்கும், பழமும் தரும். பாகல், புடோல், அவரை நட்டால் கறிக்கும் ஆகும், ஆனால் அவை காய்த்து முடிந்து சுவர் வெறுமையாக நிற்கிற மாதங்கள் உண்டு. மாசியில் நட்டால் சித்திரைக்கு ஓரளவு மூடும். சுவரில் படரவிடாமல் சுவரிலிருந்து இரண்டடி தள்ளிக் கம்பு நட்டு ஏற்றுங்கள். சுவரில் ஏறிய கொடி மாரியில் ஈரத்தைப் பிடித்துவைக்கும்.

வாழையைக் குளியலறைத் தண்ணீர் போகிற பக்கமாக, மேற்கில் வையுங்கள். குடாநாட்டில் நமக்கு வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை, நிலத்தடித் தண்ணீர்தான் பெரும்பாலான தேவைக்கும். அளவுக்கு மீறி இறைத்தால் கிணறு உவராகும். நிழலுக்காகக் கிணற்றை வற்றவைப்பது சிக்கனம் அல்ல, கழிவுத் தண்ணீரிலேயே வாழை நன்றாக நிற்கும்.

வேம்பு, மா போன்றவற்றைச் சுவரிலிருந்து பதினைந்து இருபதடி தள்ளி நடுங்கள். முருங்கை சீக்கிரம் வளரும், நிழல் ஐதானது, காற்றுக்கு முறியும். பெரிய மரம் எழும்பும்வரைக்கும் அதை வைத்திருக்கலாம்.

6. முற்றம்

முற்றம் முழுக்கச் சீமெந்து போடுவது இப்போது பழக்கமாகிவிட்டது. கூட்ட இலகுதான். ஆனால் அந்தச் சீமெந்து பகல் முழுக்கச் சூடேறி, இரவு யன்னலால் வருகிற காற்றைச் சூடாக்கி அனுப்புகிறது. வாகனம் நிற்கிற அளவுக்கு மட்டும் போட்டு, யன்னல்களுக்கு முன்னால் மணலாகவோ புல்லாகவோ விடுங்கள். ஏற்கெனவே போட்டுவிட்டீர்களென்றால் யன்னலுக்கு முன்னுள்ள பகுதிக்கு நிழல் கொடுங்கள்.

பின்னேரம் முற்றத்துக்குத் தண்ணீர் தெளிக்கிற பழக்கம் நல்லது. உடுப்புத் துவைத்து அலசிய கடைசித் தண்ணீர் போதும். சூரியன் தாழ முதல் தெளித்தால் புழுக்கம்தான் கிளம்பும். பொழுதுபட்டபிறகு தெளியுங்கள்.

7. யன்னலை எப்போது திறப்பது

இதற்குக் காசே இல்லை. ஆனால் அதிகம் பேர் தவறுகிற படி இதுதான்.

வெளியே உள்ளேயை விடக் குளிர்மையாக இருக்கும்போது திறக்கவேண்டும், சூடாக இருக்கும்போது மூடவேண்டும். விடிய ஐந்து மணிக்கு எல்லாவற்றையும் திறவுங்கள். தடித்த சுவருள்ள பழைய கல்வீடு, ஓட்டு வீடு என்றால் காலை ஒன்பது, பத்து மணிக்கு வெயிற்பக்க யன்னல்களை மூடுங்கள், விடியற்காலைக் குளிர்மை மத்தியானம் வரை நிற்கும். சீற் வீட்டுக்கு இது பொருந்தாது. மூடினால் கூரை விடுகிற சூடு போக வழியில்லாமல் அறை அடுப்பாகும். அந்த வீடுகளில் நிழல் போட்ட யன்னலைப் பகல் முழுக்கத் திறந்தே வையுங்கள். எது உங்கள் வீடு என்பதை முதற்படியில் எழுதிய கொப்பி சொல்லும்.

ஒரு யன்னலைத் திறந்தால் காற்று வராது, போகவும் வழி வேண்டும். சோளகக் காலத்தில் தென்மேற்கு யன்னலையும் வடகிழக்கு யன்னலையும் ஒன்றாகத் திறந்து, இடையிலுள்ள அறைக் கதவுகளையும் திறந்துவிடுங்கள். காற்று அசையாத இரவில் மேசை ஃபானைக் காற்றுப் போகிற பக்க யன்னலில் வெளியே பார்த்தபடி வையுங்கள். உள்ளே தேங்கிய சூட்டை அது தள்ளும், மற்ற யன்னலால் முற்றத்துக் குளிர்காற்று வரும். நித்திரைக்கு முதல் ஒரு மணித்தியாலம் இப்படிச் செய்துவிட்டுப் பிறகு ஃபானை உங்கள் பக்கம் திருப்புங்கள்.

வலை அடிக்காத யன்னலை இரவில் திறக்கமாட்டார்கள் என்பது நியாயம். அதனால் வலைச் சட்டம் ஃபானை விட முந்திய செலவு. எல்லா யன்னலுக்கும் முடியாதென்றால் படுக்கிற அறையில் எதிரெதிர் இரண்டுக்கு மட்டும் அடியுங்கள்.

8. குசினி

சமையலைக் காலை ஒன்பதுக்குள் முடியுங்கள். பருப்பு, கடலையை இரவே ஊறப்போட்டால் அடுப்பு நேரம் குறையும். வெளிக்குசினி இருக்கிறவர்கள் வெக்கை மாதங்களில் அதிலேயே சமைப்பது நல்லது. குளிர்சாதனப் பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். மேற்குச் சுவரோடு ஒட்டினால் அது கூடக் கரண்ற் இழுத்து, கூடச் சூட்டையும் விடும்.

9. இப்போது ஃபான், கரண்ற் கணக்கு

ஃபான் அறையைக் குளிர்மையாக்காது, ஆளின் வியர்வையைக் காயவைக்கும். ஆளில்லாத அறையில் சுழல்வது வீண்.

பழைய சீலிங் ஃபான் ஏறக்குறைய 75 வாற்ஸ் இழுக்கும். பத்து மணித்தியாலம் ஓடினால் முக்கால் யூனிற். இரண்டு ஃபான் ஒரு மாதத்துக்கு 45 யூனிற். புதிய பிஎல்டிசி ஃபான் 30 வாற்ஸ் அளவில் ஓடும், இரண்டுக்கும் சேர்த்து மாதம் 18 யூனிற். மிச்சம் 27.

அந்த 27 ஏன் முக்கியமென்றால், வீட்டுக் கரண்ற் கட்டணத்தில் 60 யூனிற் ஒரு வேலி. மாதத்துக்கு 60-ஐத் தாண்டியவுடன் தாண்டிய யூனிற்றுக்கு மட்டுமல்ல, முதல் 60-க்கும் வேறு வீதத்தில் கணக்குப் போடுவார்கள், நிலையான கட்டணமும் ஏறும். 75 யூனிற் பாவிக்கிற வீடு இரண்டு ஃபானை மாற்றினால் 48-க்கு இறங்கும். பில்லை எடுத்து உங்கள் வீடு 60, 90, 120, 180 என்ற படிகளில் எங்கே நிற்கிறதென்று பாருங்கள். படிக்குக் கொஞ்சம் மேலே நிற்கிறவர்களுக்குத்தான் ஃபான் மாற்றுவது உடனே காசு தரும். 150-இல் நிற்கிற வீட்டுக்கு முதலில் வேறு எதையாவது பார்க்கவேண்டியிருக்கலாம்.

தண்ணீர் ஊற்றுகிற ஏயர் கூலரைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். வறண்ட காற்றுள்ள ஊருக்கு அது நல்ல பொருள். கடல் சூழ்ந்த நமக்குக் காற்றில் ஏற்கெனவே ஈரம் இருக்கிறது. பூட்டிய அறையில் அது புழுக்கத்தைக் கூட்டும். எங்கள் கிணற்றுச் சுண்ணாம்புத் தண்ணீர் அதன் பஞ்சையும் சீக்கிரம் கல்லாக்கிவிடும்.

ஏசி கட்டாயம் என்ற வீடுகளும் உண்டு. படுக்கையில் இருக்கிற பெரியவர்கள், நோயாளிகள் இருந்தால் வேறு பேச்சில்லை. அப்போது ஒரு சிறிய அறையைத் தெரிந்து, மூன்றாம் நான்காம் ஐந்தாம் படிகளை அந்த அறைக்கு முதலில் முடித்துவிட்டுப் பூட்டுங்கள். மச்சான் ஒருவர் வெறும் சீற்றுக்குக் கீழே ஏசி பூட்டினார். "இரவு பத்து மணிவரைக்கும் ஓடிக்கொண்டுதான் கிடக்கு, அறை குளிரேல்லை" என்றார். சீலிங் அடித்து, மேலே கிடுகு போட்டபிறகு அதே ஏசி அரை மணித்தியாலத்தில் அறையைக் குளிர்த்தியது. 26 பாகையில் வைத்து, ஃபானை மெல்லிதாக ஓடவிட்டால் போதும்.

வெக்கையில் ஒருவருக்கு உடம்பு நெருப்பாகக் கொதித்து, பேச்சுத் தடுமாறினால் வீட்டு வைத்தியம் பார்க்கக்கூடாது. நிழலில் கிடத்தி, உடம்பு முழுக்க நனைத்து, விசிறிக்கொண்டே 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்சை அழையுங்கள்.

10. படுக்கை

தடித்த ஸ்பொஞ் மெத்தை உடம்புச் சூட்டைப் பிடித்துவைத்து முதுகை வேர்க்கவைக்கும். வெக்கை மாதங்களில் அதன்மேல் பனையோலைப் பாயை விரித்துப் படுங்கள், முதுகுக்கும் மெத்தைக்கும் இடையில் காற்று ஓடும். பிளாற் வீட்டில் நிலத்தில் படுப்பது கட்டிலை விடக் குளிர்மை, சூடு மேலிருந்து இறங்குவதால். படுக்க முதல் குளிப்பு, பருத்திச் சாறம். இவ்வளவும்தான்.

11. மாரிக் கூதல்

வெளியூர்க்காரர் யாழ்ப்பாணத்தில் குளிரா என்று கேட்பார்கள். 2022 மார்கழியில் வடக்கிலும் கிழக்கிலும் குளிர்காற்றும் மழையும் சேர்ந்து அடித்ததில் ஆடு மாடுகள் பெருந்தொகையாகச் செத்தன. நம்முடைய குளிர் ஈரத்தோடு வருகிற குளிர். நனைந்த உடம்பும் நனைந்த படுக்கையும் வாடையில் சூட்டை இழந்துகொண்டே இருக்கும். ஆகவே சூடேற்ற முதல் காயவைக்கவேண்டும்.

புரட்டாதியில் ஒழுக்குப் பாருங்கள். நகர்ந்த ஓட்டைச் சரிசெய்து, உடைந்ததை மாற்றி, கூரைத் தண்ணீர் ஓடுகிற பீலியில் கிடக்கிற சருகை அள்ளுங்கள். பீலி அடைத்தால் தண்ணீர் சுவருக்குள் இறங்கும், நுளம்பும் பெருகும். கார்த்திகை, மார்கழி நமக்கு டெங்குக் காலம். சுவரடியில் மண் உயர்ந்து கிடந்தால் வெட்டித் தாழ்த்தி, தண்ணீர் வீட்டை விட்டு ஓடும்படி சரிவு வையுங்கள். சுவர் ஊறுவதற்குப் பெரும்பாலும் அந்த மண்தான் காரணம். உள்ளே பெயின்ற் அடித்து மறைத்தால் அடுத்த மாரியில் உரியும்.

தறப்பாளை வடகிழக்குப் பக்க விறாந்தைக்கு மட்டும் கட்டுங்கள். வீட்டைச் சுற்றிக் கட்டி, யன்னலெல்லாம் பூட்டினால் மூச்சும் சமையல் ஆவியும் உள்ளேயே நின்று, சுவரில் பூஞ்சணம் பூத்து, பிள்ளைகளுக்குச் சளி கட்டும். தென்மேற்குப் பக்கம் ஒரு யன்னலை நான்கு விரல் அளவுக்குத் திறந்தே விடுங்கள். மழை விட்டு வெயில் எறிக்கிற ஒவ்வொரு மணித்தியாலத்திலும் பாய், தலையணை, போர்வையை வெளியே போடுங்கள். தெற்குச் சுவரில் அந்த மாதங்களில் வெயில் படும், உடுப்புக் காயப்போடுகிற கொடியை அங்கே கட்டுங்கள்.

சீமெந்து நிலம் உடம்புச் சூட்டை இழுக்கும். நிலத்தில் படுக்கிறவர்கள் கீழே உலர்ந்த சாக்கு, அதன்மேல் பாய், அதன்மேல் மடித்த போர்வை என்று அடுக்குங்கள். மேலே இரண்டு போர்வை போர்த்தும் கூதல் விடாவிட்டால் குறை கீழேதான். வயதானவர்களுக்குத் தலையும் காலும் மூடியிருந்தாலே கூதல் நன்றாகக் குறையும். சுடுதண்ணீர் நிரப்பிய இறப்பர்ப் பையைத் துவாயில் சுற்றிக் காலடியில் வைக்கலாம். தண்ணீர்ப் போத்தலில் கொதிதண்ணீர் வேண்டாம், இளகி ஊற்றிவிடும்.

இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்: பூட்டிய அறைக்குள் தணற்சட்டியோ கரியடுப்போ வைக்காதீர்கள். கரியிலிருந்து வருகிற காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை. நித்திரையிலேயே உயிர் போகும். பிள்ளை பெற்ற வீடுகளில் தணல் வைக்கிற வழக்கம் இன்னும் இருக்கிறது. அம்மம்மாக்களின் காலத்து வீட்டில் ஓட்டு இடுக்கால் புகை போனது. வலையும் சீலிங்கும் அடித்த இன்றைய அறையில் அது போகாது. தாயையும் பிள்ளையையும் உலர்ந்த உடுப்பு, சுடுதண்ணீர், மல்லிக்கோப்பி கொண்டு பார்த்துக்கொள்ளலாம்.

தை பிறந்து வாடை தணிந்ததும் தறப்பாளை அவிழ்த்து, நன்றாகக் காயவைத்து, எலி அரிக்காத இடத்தில் தூக்கிக் கட்டுங்கள். கூரையில் ஏறி எவ்வளவு வெள்ளை மிஞ்சியிருக்கிறதென்று பார்த்துவிட்டு, மாசிக்குச் சுண்ணாம்பு சொல்லிவையுங்கள்.